கொள்ளி ஏந்திய கை: பட்டினத்தாரின் தாய் இரங்கற் பாடல்களில் துயரும் கூச்சமும்

ஆய்வுச்சுருக்கம்

பட்டினத்தார் தம் தாயைத் தகனம் செய்கையில் பாடியனவாக வழங்கும் பத்துப் பாடல்கள் தாயன்பின் பெருமையை உரைப்பனவாகவோ யாக்கை நிலையாமையை உணர்த்துவனவாகவோ இதுகாறும் பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளன. அவ்விரு வாசிப்புகளும் பாடல்களில் தொடர்ந்து ஒலிக்கும் ஒரு குரலைக் கேளாது விடுகின்றன. வளர்த்தவளின் உடலைத் தன் கையாலேயே எரிக்க நேர்ந்தவனின் கூச்சமே அக்குரல். ஈமச் சடங்கின் நிரலோடு பாடல்களின் நிரலை ஒப்பிட்டும், வாய், கை, வயிறு ஆகிய உறுப்புகள் பாடல்களில் இடம்பெறும் முறையை நோக்கியும், ஒப்பாரி மரபோடு உறழ்ந்தும் அக்குரலை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பட்டினத்தார், இரங்கற்பா, கையறுநிலை, ஒப்பாரி, வாய்க்கரிசி, நேரிசை வெண்பா, முதுமை.

முன்னுரை

முதிர்ந்த வயதில் நிகழும் இறப்பைத் தமிழ்ச் சமூகம் 'கல்யாணச் சாவு' என்று வழங்குகிறது. பேரன் பேத்திகளைக் கண்டவர், ஆண்டு அனுபவித்தவர், எவருக்கும் பாரமாகாமல் போய்ச் சேர்ந்தவர் என்னும் சொற்கள் துக்கம் கேட்க வருவோர் வாயில் ஆயத்தமாக இருக்கின்றன. இச்சொற்கள் ஆறுதல் அளிக்கவே எழுந்தன என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றுக்கு மற்றொரு விளைவும் உண்டு. இழந்தவர் தாமே நரை கண்டவராயிருப்பின், அவர் அழுவதற்கான நியாயத்தை அவை மெல்லப் பறித்துக்கொள்கின்றன. சிறுவயதில் தாயை இழந்தவனுக்கு ஊரே அழும். ஐம்பது வயதில் இழந்தவனுக்கோ ஊர் அறிவுரை கூறும்.

அவ்வறிவுரைக்குச் செவிசாய்க்காத பாடல்கள் தமிழில் மிகச் சில. அவற்றுள் முதன்மையானவை பட்டினத்தார் பெயரில் வழங்கும் பத்துப் பாடல்கள். பதினோராம் திருமுறையில் ஐந்து நூல்களை அருளிய பட்டினத்துப் பிள்ளையாரும், மக்கள் வழக்கில் பரவிய தனிப்பாடல்களின் ஆசிரியரும் வெவ்வேறு காலத்தவர் என்னும் கருத்து ஆய்வாளரிடையே வலுவாக நிலவுகிறது. இப்பாடல்களின் மொழி பிற்காலத்ததே. ஆசிரியர் யார் என்பதை நிறுவுவது இங்கு நோக்கமன்று. 'பட்டினத்தார்' என்னும் பெயர் இப்பாடல்களில் பேசும் குரலையே குறிக்கும்.

இலக்கணம் பெயரிடாத இழப்பு

தொல்காப்பியர் புறத்திணையியலில் காஞ்சித்திணையின் துறைகளைக் கூறுமிடத்து இறப்பால் விளையும் நிலைகளை நுட்பமாகப் பகுக்கிறார். மனைவியை இழந்தவன் நிலைக்குத் தபுதாரநிலை என்று பெயர். கணவனை இழந்தவள் நிலைக்குத் தாபதநிலை என்று பெயர். கணவனை இடைவழியில் இழந்து தனித்தவளின் புலம்பலுக்கு முதுபாலை என ஒரு பெயர் உண்டு. தாயின் சாவைத் தொடும் தலைப்பெயல்நிலையிலும் பேச்சு, மகன் பொருட்டுத் தாய்க்கு நேரும் முடிவைப் பற்றியதே; தாயின் முடிவால் மகனுக்கு நேர்வதைப் பற்றியதன்று. பெற்றோரை இழந்த மக்களின் நிலைக்குத் தனியொரு துறைப்பெயர் அப்பட்டியலில் இல்லை.

கையறுநிலை என்னும் பொதுத்துறையே அத்துயருக்கும் இடம் தந்தது. புறநானூற்றின் 112ஆம் பாடல் இதற்குச் சான்று. தந்தையை இழந்த பாரிமகளிர் பாடிய அப்பாடல், புரவலரை இழந்த புலவர் பாடியவற்றோடு ஒரே துறையில் வைக்கப்பட்டுள்ளது. தந்தையின் சாவு அங்குக் குன்றின் இழப்போடு பிணைந்தது; பகை வேந்தர் முற்றுகையால் நேர்ந்தது. காரணம் வெளியே இருக்கிறது. அதைச் சுட்ட இயலும். முதுமையில் இயல்பாக இறந்த தாயின் பொருட்டு அழுபவனுக்கு அவ்வாறு சுட்டுவதற்குப் பகைவன் எவனும் இல்லை. ஆகவே சுட்டுவிரல் தன்னை நோக்கியே திரும்புகிறது. பட்டினத்தார் பாடல்களில் நிகழ்வது இதுவே.

துறவிக்கு இத்துயர் இரட்டிப்பு நெருக்கடி. உறவை அறுத்தவன் ஈமக்கடன் ஆற்றும் உரிமையையும் அறுத்தவனாகிறான். ஆயினும் தாயின் இறுதிக்கடனைச் செய்ய வந்தே தீர்வான் என்பது பட்டினத்தார் வரலாற்றுக் கதையின் உயிர்நிலை. ஆதிசங்கரர் தம் தாய்க்கு ஈமக்கடன் ஆற்றியதாக வழங்கும் கதையிலும் இந்நெருக்கடியே மையம். எவ்வளவு விதிகளை வகுத்தாலும் இந்த ஒரு விலக்கைத் தராமல் துறவறம் மக்கள் மனத்தில் நிலைத்திருக்க இயலவில்லை போலும்.

சடங்கின் நிரலும் பாடலின் நிரலும்

பெரும்பாலான பதிப்புகளில் இப்பாடல்கள் அமைந்துள்ள வரிசை தற்செயலானதன்று. முதற்பாடல் பத்துத் திங்கள் சுமந்து பெற்று, கையில் ஏந்தி, பாலூட்டியவளை இனி எப்பிறப்பில் காண்பது என்று ஏங்குகிறது. அடுத்த மூன்றும் தீமூட்டும் செயலை முன்னிறுத்தி வினவுகின்றன. ஐந்தாம் ஆறாம் பாடல்கள் வாய்க்கரிசி பற்றியவை. ஆறாவதில் கொள்ளியும் உடன் வருகிறது. ஏழாவது தீயை மூளுமாறு ஏவுகிறது. எட்டாவதில் உடல் எரிந்துகொண்டிருக்கிறது. ஒன்பதாவது, எரிந்தவள் எங்குச் சென்றாள் என்று இறைவனிடம் வினவுகிறது. பத்தாவது பால் தெளிக்க அழைக்கிறது. வாய்க்கரிசி, கொள்ளி, எரிதல், பால் தெளித்தல் என்னும் ஈமச் சடங்கின் நிரல் அப்படியே பேணப்பட்டுள்ளது.

வினைமுற்றுகளின் காலம் இந்நிரலைத் துல்லியமாகப் பின்தொடர்கிறது. இரண்டு முதல் ஆறு வரையுள்ள பாடல்களில் தீயும் அரிசியும் எதிர்கால வினைகளோடு வருகின்றன. அவ்வெதிர்காலமும் ஓகார வினாவால் தடுத்து நிறுத்தப்படுகிறது. செய்வேன் என்னும் உறுதி ஒருமுறைகூட வினாவின்றி வெளிப்படவில்லை. எட்டாம் பாடல் நிகழ்காலம். பத்தாம் பாடலில் இறந்தகாலம் வந்து நேற்று, இன்று என்னும் இரு சொற்களுக்கிடையே எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஐந்து பாடல்கள் ஒரே செயலின் வாயிலில் நின்று தயங்குகின்றன என்பதைப் பொதுவாகக் கூறியது கூறல் எனக் கருதிக் கடந்துவிடுகிறோம். அத்தயக்கமே பாடற்பொருள் என்பதே என் துணிபு. பிள்ளைக்கு உரிய கடமை எனச் சமூகம் வகுத்த ஒன்றை, செய்யத் தகாத கொடுமையைப் போல இவர் கேள்விக்கு உள்ளாக்குகிறார். மூன்றாம் பாடலில் சிறகு, விறகு என்னும் இரு சொற்களும் எதுகையாக எதிரெதிரே நிற்கின்றன. அவள் வைத்த இடம் சிறகின்கீழ். இவன் வைக்கப்போகும் இடம் விறகின்மேல். ஓரெழுத்து மாற்றத்தில் கடமையும் நன்றிகொன்ற செயலும் ஒன்றாகிவிடுகின்றன. ஆறாம் பாடலில் 'கூசாமல்' என்ற சொல்லே வெளிப்படையாக வருகிறது. கூசுதல் என்பது நாணுதலும் ஆகும். தொடுகையால் உடல் சுருங்குதலும் ஆகும். இரு பொருளும் இங்குப் பொருந்தும்.

வாய்

இப்பத்தில் மிக ஆழமான பகுதி ஐந்தாம் ஆறாம் பாடல்கள் என்பது என் மதிப்பீடு. திரைப்படமும் மேடையும் ஏழாம் பாடலையே பரப்பின. டி. எம். சௌந்தரராஜன் பட்டினத்தாராக நடித்த 'பட்டினத்தார்' திரைப்படம் 1962இல் வெளிவந்தபின் இப்பாடல்களை அவர் குரலின்றி நினைவுகூர்வதே பலருக்கு அரிதாயிற்று. இசை உருக்கத்தைத் தரும். சொல்லின் அமைப்பைக் காண ஒருமுறை இசையை விலக்கிப் படிக்க வேண்டும்.

வாய்க்கரிசி இடும் சடங்கில் இறந்தவரின் வாய் உண்ணும் வாய். அதற்கு உணவு தரப்படுகிறது. ஆனால் அது வேகாத அரிசி. ஊட்டியவளுக்கு ஊட்டும் முறை மகனுக்கு வரும்போது அவளால் உண்ண இயலாது, அவன் தருவதும் உண்ணத்தக்கதன்று. இம்முரண் சடங்கிலேயே உள்ளது. பட்டினத்தார் இதனினும் ஒருபடி மேலே செல்கிறார். இவ்விரு பாடல்களும் 'வாய்க்கு' என்றே முடிகின்றன. அவ்வாய் இரண்டிலும் அழைத்த வாயாகவே நினைவுகூரப்படுகிறது. ஐந்தாவதில் தேனென்றும் செல்வமென்றும் மானென்றும் கொஞ்சிய வாய். ஆறாவதில் முகத்தோடு முகம் வைத்து முத்தமிட்டு மகனே என்ற வாய். சடங்கு அவ்வாயில் அரிசியைத் திணித்து மூடுகிறது. தன்னை ஒருவர் அவ்வாறு அழைப்பது இனி இல்லை என்பதை, அவ்வழைப்பு வந்த வாயைத் தானே அடைக்கும் கணத்தில் மகன் உணர்கிறான். முதிய பெற்றோரை இழந்தவர் பலர் கூறும் ஒரு சிறு செய்தி இதனோடு ஒத்தது: தம்மைச் சிறுவயதுச் செல்லப்பெயரால் அழைக்க உலகில் எவரும் எஞ்சவில்லை என்பது.

ஐந்தாம் பாடலில் 'வரிசை' என்ற சொல் கூர்ந்து நோக்கத்தக்கது. பிள்ளை தாய்க்கு உரிய வரிசைகளைச் செய்து அவள் மகிழ்வதைக் கண்டு தானும் மகிழவில்லை. அரிசி மட்டும் இடுகிறான். பத்துப் பாடல்களிலும் மகனின் வளர்ந்த பருவத்தைத் தொடும் இடம் இது ஒன்றே. மற்ற இடங்களில் எல்லாம் அவன் கருவில் இருக்கிறான், தொட்டிலில் இருக்கிறான், மார்மேல் இருக்கிறான். அவன் வளர்ந்தபின், துறந்து சென்றபின், அவள் தனியே இருந்த ஆண்டுகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆண்டுகளின் இடத்தில் செய்யாது விட்ட வரிசை மட்டும் நிற்கிறது. கழிவிரக்கத்தை விரித்துரைத்திருந்தால் அது தன்னைப் பற்றிய பேச்சாகிவிடும். ஓர் எதிர்மறை வினையெச்சத்தோடு அதை நிறுத்திக்கொண்டது இப்பாடலின் அடக்கம்.

இளந்தாயும் முதிய தாயும்

இதிலிருந்து மற்றொன்றும் பெறப்படுகிறது. முதல் ஒன்பது பாடல்களில் இறந்தவளின் முதுமை பற்றிய குறிப்பே இல்லை. நரையும் தளர்வும் நோயும் இடம்பெறவில்லை. எரிக்கப்படுபவள் மூதாட்டி, அழப்படுபவளோ கைக்குழந்தையை ஏந்திய இளந்தாய். எட்டாம் பாடலில் சாம்பலாகிக்கொண்டிருக்கும் கை, குழந்தையின் மேல் பறவை பறந்துவிடாதபடி காத்த கை. பறவை மேலே பறந்தால் குழந்தைக்குத் தோஷம் என்னும் நம்பிக்கையில் எழுந்த காவல் அது. எத்தனையோ பத்தாண்டுகளுக்கு முன் அந்தக் கை செய்த ஓர் அசைவுதான் தீயின் நடுவே கண்ணில் படுகிறது.

'வாழ்ந்து முடித்தவர்' என்னும் ஆறுதல் மகனிடம் ஏன் செல்லாது என்பதற்கு இப்பாடல்கள் தரும் விடை இதுவெனலாம். ஊர் கணக்கிடுவது இறந்தவரின் வயதை. துயர் கொள்பவனிடம் வந்து சேர்வதோ அந்த வயதுக்குரிய உருவமன்று.

பட்டினத்தாரின் பிற பாடல்களோடு ஒப்பிடும்போது இது மேலும் வியப்புக்குரியது. பெண்ணுடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து இழித்துரைக்கும் பாடல்கள் அவர் பெயரில் மிகுதி. இன்றைய வாசகர் அவற்றைச் சங்கடமின்றிப் படிக்க இயலாது. இங்கும் அதே உத்தியே உள்ளது. வயிறு, மார்பு, தோள், கை, முகம், வாய் என உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணப்படுகின்றன. அங்கே பற்றறுக்கப் பயன்பட்ட பட்டியல் இங்கே பற்றின் பட்டியலாகிவிடுகிறது. உடல் வெறும் குப்பை என்று அவ்வளவு பாடிய குரல், எரியும் ஒரு கையைக் கண்டு ஐயகோ என்கிறது. இம்முரணை மழுப்ப முயலும் உரைகளைவிட அதை அப்படியே விட்டுச் சென்ற பாடல்கள் நேர்மையானவை.

தீ

ஏழாம் பாடல் யாப்பாலும் தனித்து நிற்கிறது. மற்ற ஒன்பதும் வெண்பா; இது அன்று. 'பத்து வெண்பாக்கள்' என்று பொதுவாகக் கூறுவது திருத்தத்துக்கு உரியது. தயங்கித் தயங்கி வந்த வெண்பாவின் நடை இங்கே அறுபட்டு, நான்கு அடிகளும் ஏறத்தாழ மந்திரம்போல் ஒரே வாய்பாட்டில் இயங்குகின்றன. முப்புரத்தில் இட்ட தீ, தென்னிலங்கையில் இட்ட தீ, அன்னை அடிவயிற்றில் இட்ட தீ, தான் இட்ட தீ என்பது வரிசை. வாழைமட்டையை அடுக்கிப் பாடியே தீ வரவழைத்தார் என்னும் கதை இப்பாடலைச் சூழ்ந்துள்ளது. எரியாத பொருளில் எரியூட்டினார் என்பதை மக்கள் சித்தர் ஆற்றலாகக் கொண்டாடுகின்றனர். கதையை வேறுவிதமாகவும் படிக்கலாம்: உலர்ந்த விறகில் தன் கையால் கொள்ளி வைக்க இயலாதவனுக்குக் கதை அளித்த சலுகை அது. கொள்ளி வைக்காமலே தீ மூள வேண்டும் என்பது ஐந்து பாடல்களின் தயக்கம் வேண்டி நின்றதுதானே.

மூன்றாம் தீ பொருள் மயக்கம் உடையது. அடிவயிறு யாருடையது? சுமந்தும் ஈன்றும் அவள் வயிற்றில் எரிந்த தீ எனலாம். மறைவால் அவள் இவன் வயிற்றில் மூட்டிச் சென்ற தீ எனலாம். உடலோடு தந்த பசித்தீ எனவும் கொள்ளலாம். 'பெற்ற வயிறு பற்றி எரிகிறது' என்பது வழக்காதலின் முதற்பொருள் எளிதில் தோன்றும். இரண்டாவதே அடியின் அமைப்புக்கு நெருங்கியது என்பது என் கருத்து. முதல் இரு தீயும் நகரங்களை அழித்தவை. இட்டவருக்கு அவற்றால் இழப்பில்லை. மூன்றாவது ஒன்றே இட்டவளையும் ஏற்றவனையும் பிணைப்பது. அதன்பின்னரே நான்காவதற்கு 'மூள்க' என்னும் ஏவல் வருகிறது. தன்னுள் ஏற்கெனவே எரிவதை ஒப்புக்கொண்டபின்தான் வெளியே தீ வைக்க அவனுக்குத் துணிவு பிறக்கிறது.

முதல் தீயின் உரிமையாளனே ஒன்பதாம் பாடலில் சோணகிரியில் உறைபவனாக விளிக்கப்படுகிறான் என்பது குறிப்பிடத்தக்கது. சோணகிரியாகிய திருவண்ணாமலை அழல்வடிவான இறைவனின் தலம். எரித்த தீயும் அடைக்கலமாகும் தீயும் ஒன்றோ என்பதே வினா. அவ்வினாவுடன் 'என்னை மறந்தாளோ' என்னும் பொருள்பட ஒன்றும் சேர்கிறது. முத்தி பெற்றவள் மகனை மறந்திருக்க வேண்டும்; மகனோ அதைத் தாங்கவில்லை. சைவ ஞானத்தின் நடுவே ஒரு குழந்தை நிற்கிறது.

ஒப்பாரி நிற்கும் இடத்தில்

தாயை இழந்த மகளின் குரல் தமிழில் ஒப்பாரியாக வழங்குகிறது. பிறந்தகத்தின் வாயில் அடைபட்டது, இனி வந்தால் 'வா' என்று அழைக்க ஆளில்லை, சீர் கொடுத்தனுப்பக் கையில்லை என்பன அதன் பொருள்கள். வளர்ந்தபின் கடந்த ஆண்டுகளே ஒப்பாரியில் நிரம்பியுள்ளன. வந்து போன பயணங்களும் அண்ணிமாரின் முகக்குறிப்பும் அதில் இடம்பெறும். பட்டினத்தார் பாடல்களில் வெற்றிடமாக உள்ள பகுதியை மகளின் ஒப்பாரி நிரப்புகிறது.

இடமும் வேறு. பெண்கள் சுடுகாடு செல்லாத வழக்கத்தில் ஒப்பாரி வீட்டு முற்றத்தில் எழுந்து, பாடை தெருமுனை தாண்டும்போது ஓய்கிறது. அதற்குப் பிறகு நிகழ்வதற்கு ஆண்களிடம் சடங்கு உண்டு, பாட்டில்லை. ஒப்பாரி ஓய்ந்த இடத்தில் பட்டினத்தார் தொடங்குகிறார். அழுவது இழுக்கென்று பழக்கப்பட்ட ஆண்களுக்குச் சுடலையில் ஒரு குரலை இப்பாடல்கள் கடனாகத் தந்தன. மக்களிடையே இவை பெற்ற பரவலுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இன்று எரிவாயு, மின் தகனமேடைகளில் நெஞ்சின்மேல் வைக்கும் கற்பூரத்தோடு பிள்ளையின் பங்கு ஏறத்தாழ முடிந்து, இரும்புக் கதவு மூடுகிறது. மகள்களும் அங்கு வருகிறார்கள், கொள்ளியும் வைக்கிறார்கள். முதல் பாடலின் பையல் என்னும் சொல்லையும் ஆறாம் பாடலின் விளியையும் நீக்கினால், இப்பத்தில் மகளுக்குப் பொருந்தாத இடம் அரிது.

பால் தெளித்தல்

பத்தாம் பாடல் அனைத்தும் சிவமயம் என்று முடிவதால், துயர் ஞானத்தில் தணிந்தது என்று உரைகாரர் கொள்வது இயல்பு. அம்முடிவை ஏற்பதற்கு முன் மூன்று செய்திகளைக் காண வேண்டும். முதலாவது, இரங்காதிருக்குமாறு கூறப்படுவோர் பன்மையில் உள்ளனர். ஊரார்க்குச் சொல்லும் அச்சொல்லைத் தனக்கும் அவர் சொல்லிக்கொண்டதற்குப் பாடலில் அடையாளம் இல்லை. இரண்டாவது, முதிய தாய் தோன்றும் ஒரே இடம் இதுவே. அவள் வீற்றிருந்தாள், வீதியில் இருந்தாள், நேற்று இருந்தாள். வீதியில் இருத்தல் என்பதைப் பாடையில் கிடத்தப்பட்ட நிலையாகவும் கொள்ளலாம். வாயிலில் அமர்ந்து தெருவை நோக்கியிருக்கும் மூதாட்டியின் அன்றாட நிலையாகவும் கொள்ளலாம். பின்னதே எனக்கு உடன்பாடு. ஒன்பது பாடல்களில் வராத அந்த முதியவள், சாம்பலான பிறகே நினைவுக்கு வருகிறாள். செய்யும் செயலென்று ஏதுமின்றி, இருந்தாள் என்னும் ஒரு வினையோடு மட்டும்.

மூன்றாவது, தனிச்சொல். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் இறுதியில் நின்று பாடலைத் திருப்பும் இடம் அது. இங்கு அவ்விடத்தில் நிற்பது பால் தெளித்தலைக் குறிக்கும் சொல். முதற்பாடல் அவள் தந்த பாலில் தொடங்கியது. பத்தாம் பாடலில் அவளுக்குத் தரப்படுவதும் பாலே. உண்ண இயலாத வாய்க்கு அரிசி தந்தது போலவே, உடலற்ற நீற்றின்மேல் அது தெளிக்கப்படுகிறது. அதைத் தனியே செய்ய அவரால் இயலவில்லை. தீ மூட்டும்போது எவரையும் துணைக்கு அழைக்காதவர், பால் தெளிக்க எல்லாரையும் வருமாறு அழைக்கிறார்.